தூளி ஆடினால் ஏன் தூக்கம் வருகிறது? காதுக்குள் ஒரு சமநிலை உறுப்பு, மூளைக்குள் ஒரு கடிகாரம்

சாயங்காலம் வேலை முடிந்து ரங்கூன் பெரிய ஸ்டேஷனில் சர்க்குலர் ரயில் ஏறினால், லேடான் வருவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். இறங்க வேண்டியது இன்செய்னில். எத்தனையோ நாள் முழித்துப் பார்த்தால் தன்யின்கோன் சந்தைக்காரப் பெண்கள் கீரைக்கட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார்கள், அப்போதுதான் நாலு ஸ்டேஷன் தாண்டி வந்துவிட்டது உறைக்கும். ஒரு தடவை அதையும் தாண்டித் தூங்கி, சுமார் 46 கிலோமீட்டர் வட்டத்தை மூன்று மணி நேரத்தில் முழுசாகச் சுற்றி, ஏறிய இடத்திலேயே வந்து முழித்தேன். வட்டமாக ஓடும் ரயிலில் தூங்குவதில் அந்த ஒரு வசதி உண்டு, எங்கேயும் தொலைந்துபோக மாட்டோம்.

அதே ஆள் வீட்டுக்கு வந்து, குளித்து, பாய் விரித்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் பன்னிரண்டு மணி வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ரயிலில் கட்டை பெஞ்சு, சத்தம், புழுக்கம், பக்கத்து ஆள் முழங்கை. வீட்டில் இது எதுவும் இல்லை. இதை எங்கள் அப்பாயியிடம் சொன்னபோது அவர் பாக்கு வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ரயிலு தூளியாட்டம் ஆட்டுதுல்ல, அதான். மீசை மொளச்சா மட்டும் ஒடம்பு மாறிப்போயிடுமாடா?"

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் விஷயம் சுவாரசியமானது, புரிந்துகொள்ளவும் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

காது என்றால் கேட்பதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காதின் உள்ளே, எலும்புக்குள் புதைந்து, இன்னொரு கருவியும் இருக்கிறது. நாம் நிற்கிறோமா, சாய்கிறோமா, சுழல்கிறோமா, வண்டி கிளம்பிவிட்டதா என்பதையெல்லாம் மூளைக்குச் சொல்வது அதுதான். சமநிலை உறுப்பு என்று சொல்லலாம், மருத்துவர்கள் வெஸ்டிபுலர் என்பார்கள். ஒவ்வொரு காதிலும் இதற்கு ஐந்து பகுதிகள், அதை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் வகை, மூன்று அரைவட்டக் குழல்கள். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், உள்ளே ஒரு திரவம். ஒரு சொம்பில் தண்ணீரை ஊற்றிச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், சொம்பு திரும்பும், தண்ணீர் ஒரு கணம் அப்படியே நிற்கும். தலையைத் திருப்பும்போது குழலுக்குள் நடப்பதும் அதுதான். பின்தங்கும் திரவம் அங்கே இருக்கும் ஒரு மெல்லிய வழவழப்பான தடுப்பைத் தள்ளுகிறது, தடுப்புக்குள் நுழைந்திருக்கும் நுண்ணிய மயிரிழைகள் வளைகின்றன, 'தலை வலப்பக்கம் திரும்புகிறது' என்று நரம்பில் சேதி போகிறது. ஆக, குழல்களின் வேலை சுழற்சியைச் சொல்வது.

இரண்டாவது வகைதான் தூளிக்கு முக்கியம். இரண்டு சிறு பைகள். அவற்றின் உள்ளே கூழ் மாதிரி ஒரு படலம், அதன் மேல் தூவிவிட்டது போலக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏராளமான கற்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் கடல்பாசி வில்லை, இங்கே சௌக்ஜோ என்பார்களே, அதன் மேல் சர்க்கரையைத் தூவித் தட்டோடு ஆட்டினால் மேல்பக்கம் கொஞ்சம் பின்தங்கித் தளதளக்கும் அல்லவா, அந்த மாதிரி. முட்டையோடு எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான் இந்தக் கற்களும். கல் கனமானது, எனவே உடம்பு முன்னே போனால் அது பின்தங்கும், தலை சாய்ந்தால் அது சரியும், கீழே இருக்கும் மயிரிழைகள் வளையும். நேர்கோட்டு அசைவையும் பூமியின் ஈர்ப்பையும் நாம் உணர்வது இந்தச் செவிக்கற்களால்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது. இந்த உறுப்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவது மட்டும்தான் தெரியும். ஒரே சீராகப் பறக்கும் விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டால் நகர்கிறோம் என்றே தோன்றாது. ஆனால் தூளியோ ஊஞ்சலோ ஒரு கணம்கூட ஒரே வேகத்தில் இருப்பதில்லை, ஓரத்தில் நின்று, நடுவில் விரைந்து, மறு ஓரத்தில் மறுபடி நிற்கிறது. அதாவது ஆடும் வரைக்கும் காதிலிருந்து மூளைக்கு ஒரு தாளம் விடாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

(இந்த உறுப்பை வெளியிலிருந்து எழுப்பிப் பார்க்க முடியும் என்று தெளிவாகக் காட்டியவர் ராபர்ட் பாராணி என்ற வியன்னா மருத்துவர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கம் துடிப்பதையும் சூடாக இருந்தால் மறுபக்கம் துடிப்பதையும், ஆளுக்குத் தலை சுற்றுவதையும் கவனித்தார். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் ஏறிக் குளிரில் இறங்குவதுதான் காரணம் என்றார். இன்றும் தலைசுற்றலுக்கு அந்தப் பரிசோதனை செய்கிறார்கள். 1914-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்த சேதி வந்தபோது மனுஷன் ரஷ்யச் சிறைமுகாமில் போர்க்கைதியாக இருந்தார். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், வாந்தி எடுத்து அவஸ்தைப்படுவீர்கள்.)

சரி, தாளம் போகிறது. அதனால் தூக்கம் எப்படி வரும்?

தூக்கத்தைச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் எனக்குப் புரிகிறது. சாப்பிட உட்கார்வதற்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று பசி. இரண்டு, சாப்பாட்டு வேளை, பசி இல்லாவிட்டாலும் மணி ஒன்றானால் கை தட்டைத் தேடும். மூன்று, அடுக்களையிலிருந்து வரும் தாளிக்கும் வாசனை. தூக்கத்திலும் அப்படித்தான். எத்தனை மணி நேரம் முழித்திருக்கிறோமோ அத்தனைக்கு மூளையில் ஒரு களைப்பு சேர்ந்துகொண்டே போகும், அது பசி. ராத்திரி ஆகிவிட்டது, படு என்று உள்ளே ஒரு கடிகாரம் சொல்கிறது, அது வேளை. ஆட்டம், தாலாட்டு, முதுகில் தட்டுவது, இதெல்லாம் தாளிக்கும் வாசனை. பசியை அது உண்டாக்காது, வேளையையும் மாற்றாது, ஆனால் இருக்கிற பசியைக் கிளப்பி ஆளைப் பந்தியில் உட்காரவைத்துவிடும். 'காதைத் தூண்டினால் தூக்கம் வரும், உடம்புக் கடிகாரமும் சரியாகும்' என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் வாசனை. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவாவில் ஓர் ஆய்வுக்குழு கட்டிலையே ஊஞ்சல் மாதிரி ஆட வைத்துப் பார்த்தது. 2011-இல் முதல் சோதனை, மத்தியானம் 45 நிமிடக் குட்டித்தூக்கம். ஒரு முழு ஆட்டத்துக்கு 4 விநாடி, அவ்வளவு மெதுவாக. ஒரு நாள் கட்டில் ஆடும், இன்னொரு நாள் ஆடாது, மற்றதெல்லாம் ஒரே மாதிரி. ஆடிய நாளில் ஆட்கள் சீக்கிரமாகத் தூக்கத்துக்குள் இறங்கினார்கள், மூளை அலைகளும் மாறின. 2019-இல் அதே ஊரில், நன்றாகத் தூங்கக்கூடிய 18 இளைஞர்களை முழு ராத்திரி ஆட்டிப் பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்கு இன்னும் வேகமாகப் போனார்கள், நடுவில் முழிப்பது குறைந்தது. ராத்திரி மனப்பாடம் செய்துவிட்டுப் படுத்த சொல்ஜோடிகள் காலையில் கூடுதலாக நினைவில் இருந்தன.

இதில் எனக்குப் பிடித்தது மூளை அலை விஷயம்தான். லேசான தூக்கத்தில் மூளை அவ்வப்போது ஒரு குட்டி அலைக்கொத்தை விடும், படத்தில் பார்த்தால் நூல் சுற்றிய கதிர் மாதிரி நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். இதற்கும் ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய மெதுவான அலைகளுக்கும் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதிக்கும் நெருங்கிய உறவு. காதிலிருந்து வரும் சமநிலைச் சேதியும் மூளைத்தண்டு வழியாக அந்தத் தலாமஸுக்குத்தான் போகிறது. ஆட்டத்தின் தாளத்தோடு இந்த அலைகளும் சேர்ந்துகொண்டு அடிப்பதை ஜெனீவாக்காரர்கள் பார்த்தார்கள். கோயில் மேளத்துக்கு நம் கால் தானாகத் தாளம் போடும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி.

ஆனால் ஆட்டம் என்பது காதை மட்டும் தொடும் காரியமா? தோல் உரசுகிறது, காற்று படுகிறது, கயிறு கிறீச்சிடுகிறது. மண்டலே போகும் ராத்திரி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் 115 மைல் என்கிற இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தியதும் பஸ்ஸில் பாதிப் பேர் முழித்துக்கொள்வார்கள். ஆட்டம் நின்றது, அதனால்தான் முழிப்பு வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் டிரைவர் அதே நேரத்தில் விளக்கைப் போடுகிறார், பாட்டை மாற்றுகிறார், கதவைத் திறக்கிறார், வெளியிலிருந்து பொரித்த பூண்டு வாசனை வேறு. எதனால் முழித்தோம் என்று யாரால் சொல்ல முடியும்? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சுண்டெலிகளிடம் போனார்கள். பிறப்பிலேயே செவிக்கற்கள் இல்லாத ஒரு எலி வகை உண்டு. கூண்டை விநாடிக்கு ஒரு தடவை ஆட்டினால் சாதாரண எலிகள் சீக்கிரம் தூங்கின, கூடுதல் நேரமும் தூங்கின. கல் இல்லாத எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. அதே கூண்டு, அதே சத்தம், அதே உரசல்! ஆக, எலிகளிடமாவது வேலையைச் செய்தது செவிக்கல்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். இதுவும் 2019-இல் வெளிவந்ததுதான்.

எலிக்கு ஒரு விநாடி, மனிதனுக்கு நாலு விநாடி என்ற வித்தியாசத்தையும் கவனியுங்கள். எந்த ஆட்டமும் தூங்கவைக்காது. பகோடா திருவிழாவில் ஒரு ராட்டினம் போடுவார்களே, மோட்டார் கிடையாது, பையன்கள் சரசரவென்று உச்சிக்கு ஏறித் தங்கள் எடையாலேயே சுற்றிவிடுவார்கள். அதில் உட்கார்ந்து யாராவது தூங்கினதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானெல்லாம் இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் முழு முழிப்பாக இருந்தேன். அதே காது, அதே கற்கள். மெதுவாக, ஒரே சீராக, அடுத்தது என்ன என்று தெரிகிற மாதிரி வந்தால் தாலாட்டு. திடுக்கென்று வந்தால் எச்சரிக்கை மணி. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது: வாந்தி வராமல், தலையும் சுற்றாமல், அசைவினாலேயே வெறும் மந்தமும் கொட்டாவியும் மட்டும் வரும் நிலை. 1976-இல் கிரேபீல், நெப்டன் என்ற இருவர் இதற்கு சோப்பைட் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள், தூங்கவைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து. என் ரயில் தூக்கத்தில் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இது நல்ல தூக்கமா என்றால், எழுந்ததும் மண்டை கனக்கிற தூக்கம், அவ்வளவுதான் சொல்வேன்.

குழந்தை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி அது. ஜப்பானில் 2022-இல் 21 கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடந்தால் அழுகை அடங்குகிறது, பாதிக்குப் பாதி தூங்கியும் விடுகின்றன. ஆனால் உடனே கீழே போட்டால் முழித்துக்கொள்ளும். பாயில் முதுகு படுவதால் இல்லை, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியும்போதே இதயத்துடிப்பு மாறிவிடுகிறது. தூங்கிய பிறகு 5 முதல் 8 நிமிடம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் தூக்கம் கலைவது குறைகிறது. எங்கள் அண்ணி இதைப் படித்துவிட்டு, "இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா தம்பி, எங்கம்மாவக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமே" என்றார். சரிதான், ஆனால் எத்தனை நிமிடம் என்று அவர் அம்மா சொல்லியிருக்க மாட்டார்.

தூளியைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. சேலைத் தூளியில் சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்துக் கழுத்து மடங்கினால் மூச்சுப்பாதை குறுகும். அதனால் தூளியில் கிடக்கும் வரை ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும், தூங்கியதும் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதுதான் பத்திரம். எங்கள் அப்பாயி தூளிக் கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, படுத்தபடியே இழுத்து இழுத்து விடுவார், கடைசியில் பிள்ளைக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார், கால் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வேலை செய்யும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்போது ஆள் இல்லை. குலுக்குவது மட்டும் எந்தக் கோபத்திலும் கூடாது, குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும்.

இப்போது கடிகாரம். மூக்குக்கு நேர் பின்னால், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. ராத்திரியாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும், எப்போது உடம்புச் சூடு இறங்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்று நாள் முழுக்க மேளம் அடிப்பது அதுதான். உடம்புச் சூடு விடியற்காலை நாலைந்து மணிவாக்கில் மிகக் குறைவாக இருக்கும், சாயங்காலம் அதிகமாக இருக்கும், வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான். இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தை உயிரணுவுக்குள் போய்ப் பார்த்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தது பழ ஈக்களிடம்.

மனிதர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் மெதுவாக ஓடுகிறது. தினம் தினம் யாராவது முள்ளைத் திருகி வைக்க வேண்டும். திருகுவது கண்ணில் விழும் வெளிச்சம், முக்கியமாகக் காலை வெளிச்சம். ரங்கூன்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நம் சுவர்க் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது, ரங்கூன் இருக்கும் தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டால் சூரியக் கணக்குக்கும் இதற்கும் ஐந்தாறு நிமிடம்தான் வித்தியாசம். கடிகாரமும் சூரியனும் இவ்வளவு ஒட்டிப்போகும் ஊர்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த அதிர்ஷ்டத்தைக் கெடுப்பது புதுக்கோட்டையில் இருக்கும் என் மச்சான்தான். அவனுக்கு மணி பத்தரை என்றால் இங்கே பதினொன்றரை, அப்போதுதான் வீடியோ கால் போட்டு "என்ன மாப்ள, அதுக்குள்ள தூக்கமா?" என்பான். போன் வெளிச்சம் முகத்தில், கடிகாரம் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும்.

இந்தக் கடிகாரத்தைக் காதும் தொடுகிறதா என்பதுதான் சர்ச்சைக்குரிய பகுதி. தொடுகிறது என்று நினைக்கக் காரணங்கள் உண்டு. 2002-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சுண்டெலிகளை ஒரு பெரிய சுழல் கருவியில் வைத்து, பூமியின் ஈர்ப்பு இரண்டு மடங்கானது போல உணரவைத்தார்கள். சாதாரண எலிகளின் உடம்புச் சூடு சட்டென்று விழுந்தது, பகல் இரவு ஏற்ற இறக்கமும் நாள்கணக்கில் குலைந்து கிடந்தது. செவிக்கற்கள் இல்லாத எலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு பிரான்சில் கான் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளின் சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, அவற்றின் உடம்புச் சூட்டின் தினசரித் தாளம் தற்காலிகமாகக் குழம்பிப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. மூளை வரைபடத்திலும் ஒரு வழி இருக்கிறது: சமநிலை நரம்புக் கூட்டங்களிலிருந்து சில இழைகள் தலாமஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன இலை போன்ற பகுதிக்குப் போகின்றன, அந்த இலையிலிருந்து கடிகாரக் கொத்துக்கு நேரடி நரம்பு உண்டு. வெளிச்சம் இல்லாமலே, அலைச்சலாலும் ஓட்டத்தாலும் கடிகாரம் நகர்வது அந்த இலை வழியாகத்தான். வெள்ளெலி சக்கரத்தில் ஓடினால் அதன் கடிகாரம் தள்ளிப்போவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அந்த ஓட்டத்தில் காலின் பங்கு எவ்வளவு, தலை குதிப்பதால் காதின் பங்கு எவ்வளவு என்று இப்போது கேட்கிறார்கள். இரண்டு பக்கக் காதிலும் சமநிலை உறுப்பு கெட்டுப்போன நோயாளிகளிடமும் தூக்கமும் பகல்நேர ஓய்வு நேரங்களும் ஒழுங்கு தவறியிருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அவை சிறு எண்ணிக்கையில் நடந்த ஆய்வுகள்.

என் தீர்ப்பு இதுதான், ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம். ஆட்டம் தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதிலும் எல்லா ஆய்வுக்குழுக்களுக்கும் ஒரே மாதிரி விடை வரவில்லை, ஆடும் கட்டிலில் முழு ராத்திரி படுக்கவைத்தும் பெரிய மாற்றம் காணாதவர்களும் உண்டு. ஆட்டம் கடிகாரத்தை நகர்த்தும் என்பது எலிகள் அளவில் நம்பக்கூடிய கதை, மனிதர்களுக்கு இன்னும் வெறும் நூலிழை. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அது நிற்கவே முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது, காலை பத்துக்குத்தான் எழ முடிகிறது என்கிற ஆளுக்கு ஊஞ்சல் வாங்கிக் கொடுப்பதைவிட ஆறரை மணிக்கு வாசலில் உட்காரவைத்து டீ கொடுப்பது மேல். நேரத்துக்குப் படுக்கிறேன், களைப்பும் இருக்கிறது, ஆனால் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறவருக்கு ஆட்டம் பிடித்துப் பார்க்கலாம். ஏப்ரல் மாதம் கரன்ட் போன ராத்திரியில் இது எதுவுமே பேசாதீர்கள். தூங்க வேண்டுமென்றால் உடம்புச் சூடு இறங்கியாக வேண்டும், புழுக்கத்தில் அது இறங்காது. தெரு முழுக்க "மீலாபீ!" (கரன்ட் வந்துவிட்டது) என்று கத்தி, ஃபேன் சுழல ஆரம்பித்த பிறகு வருகிற தூக்கத்துக்குக் காதைக் கும்பிட வேண்டியதில்லை.

மின்சாரம் என்றதும் நினைவு வருகிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் பட்டைகளை ஒட்டி, ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் விட்டால் சமநிலை நரம்பு விழித்துக்கொள்ளும், உட்கார்ந்த இடத்திலேயே படகில் ஆடுவது போல இருக்கும். இதைத் தூக்கத்துக்குப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறார்கள், கருவிகளும் விற்கிறார்கள். சோதனைகள் சிறியவை, விடைகள் கலவையானவை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தூக்கம் வராத பத்துப் பேருக்கு எந்தக் கருவியை மாட்டிவிட்டு ஒரு மாதம் அக்கறையாக விசாரித்தாலும் சிலருக்குத் தேவலை ஆகத்தான் செய்யும். மாட்டியும் மின்சாரம் விடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் 115 மைல் பஸ் கதைதான். பாட்டரியையும் ஒயரையும் வைத்துக்கொண்டு வீட்டில் இதை முயன்றுபார்ப்பது பைத்தியக்காரத்தனம். வலிப்பு உள்ளவர்களும், உடம்புக்குள் பேஸ்மேக்கர் மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் கிட்டேயே போகக்கூடாது.

தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாயில் புரண்டு படுக்கும்போது மட்டும் சில விநாடி வீடே சுழல்கிறது என்றால், செவிக்கல் துணுக்குகள் பிரிந்துபோய் அரைவட்டக் குழலுக்குள் நுழைந்திருக்கலாம். வயதானவர்களிடம் இது சகஜம். புரள பயந்துகொண்டே ஒரே பக்கமாகப் படுத்து, தூக்கத்தையும் கெடுத்துக்கொள்வார்கள். மாத்திரையைவிட, தலையை ஒரு வரிசைப்படி திருப்பி அந்தத் துணுக்குகளைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடும் முறைதான் இதற்குச் சரியான வைத்தியம், தெரிந்த டாக்டர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். இவர்கள் ஊஞ்சல் பக்கம் போக வேண்டாம்.

மற்றவர்கள் முயல்வதென்றால், எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தொங்கும் எதற்கும் ஆட்ட நேரத்தை முடிவு செய்வது கயிற்றின் நீளம்தான், ஆளின் எடை இல்லை. ஜெனீவாக் கட்டில் போல 4 விநாடிக்கு ஓர் ஆட்டம் தானாக வர வேண்டுமென்றால் உத்தரத்திலிருந்து கிட்டத்தட்ட 4 மீட்டர் கயிறு வேண்டும். கோயில் மண்டபத்தில் வேண்டுமானால் முடியும். எங்கள் மரவீட்டில் உத்தரத்திலிருந்து 2 மீட்டர் தொங்கவிட்டால் அதிகம், அதற்கு ஆட்டம் சுமார் 2.8 விநாடி. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தும் பார்த்தேன், பத்து ஆட்டத்துக்கு 28 விநாடி, பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம் பொய் சொல்லவில்லை. கயிற்றை நீட்ட வழியில்லாததால் பெரிய சித்தப்பா வீட்டு ஆடும் நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்தேன். காலால் லேசாக உந்தி, மனசுக்குள் நாலு எண்ணி, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு கால்மணி நேரம்.

ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் பதினொன்றுக்குள் தூங்கிவிடுகிறேன். நாற்காலியாலா என்று அண்ணி கேட்டார். அதே வாரத்தில்தான் காலையில் நடக்கவும் தொடங்கினேன், போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கவும் தொடங்கினேன், மச்சானுக்கும் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். எது வேலை செய்தது என்று இனிமேல் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அப்பாயிக்கு மட்டும் அதில் சந்தேகம் கிடையாது, நான் இல்லாத நேரத்தில் நாற்காலியில் அவர்தான் தூங்குகிறார்.